பயந்து உண்ணும் சோறு



இந்த இதழில், நம் சபைகளில் பலரும் அதிகம் கேள்விப்பட்டிராத ஒரு வியாதியைப் பற்றி எழுதுகிறோம். அது குடலில் வருவது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதது. வந்தவர் வெளியே சொல்லக் கூச்சப்படுவது. ஞாயிறு ஆராதனையில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கே அது இருக்கலாம். அவர் ஏன் எப்போதும் கதவோரம் உட்காருகிறார் என்று நீங்கள் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டீர்கள்.

சில வருடங்களுக்கு முன் பெண்கள் வார்டில் ஒரு பள்ளி ஆசிரியையைச் சந்தித்தோம். வயது 29. எடை 34 கிலோ. தலைமாட்டில் வேதாகமமும் அதனடியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தன. ஜெபக் குறிப்பு நோட்டு என்று நினைத்தோம். அவரே எடுத்துத் திறந்து காட்டினார். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக எண் போட்டு, சாப்பிடக் கூடாதவற்றை எழுதி வைத்திருந்தார். பால், தயிர், முட்டை, மீன், பருப்பு, தக்காளி, புளி, கோதுமை, கத்தரிக்காய், கீரை என்று 43 வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சொன்னவர் யார் என்றும் குறித்திருந்தார். அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, நாட்டு வைத்தியர், பஸ்ஸில் வந்த ஒரு அம்மா. எல்லாரும் நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள்தான். எல்லாவற்றையும் நீக்கிய பிறகு அவருக்கு மிஞ்சியது அரிசிக் கஞ்சியும் உப்பும் இரண்டு பிஸ்கட்டும்.

"ஐயா, எதைச் சாப்பிட்டாலும் பயமா இருக்கு. சாப்பிடாம இருந்தாத்தான் நிம்மதியா இருக்கு" என்றார்.

அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவருடைய குடலில் இருந்த புண்ணுக்கு மருந்து உண்டு. சோற்றுத் தட்டின்மேல் வந்துவிட்ட பயத்துக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. அதற்கு வீட்டாரும் சபையாரும் விஷயத்தைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும்.

இது என்ன வியாதி?

மருத்துவர்கள் இதைக் குடல் அழற்சி நோய் என்கிறார்கள். இதில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. ஒன்று பெருங்குடலின் உட்தோலில் மட்டும் புண் உண்டாக்குவது. அதற்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று பெயர். லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859-ல் இதைப்பற்றி எழுதினார். மற்றொன்று கிரோன் நோய். நியூயார்க்கில் பணிபுரிந்த பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூன்று மருத்துவர்கள் 14 நோயாளிகளைப் பற்றி 1932-ல் எழுதிய கட்டுரையினால் இது உலகத்துக்குத் தெரியவந்தது. இந்த வகை வாயிலிருந்து ஆசனவாய்வரை எந்த இடத்திலும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம் வரும். உட்தோலோடு நில்லாமல் குடற்சுவரின் முழுத் தடிமனையும் பாதிக்கும். அதனால் சிலருக்குக் குடல் சுருங்கி வழி குறுகும். சிலருக்குக் குடலிலிருந்து வெளித்தோல்வரை புரையோடும்.

இது ஏன் வருகிறது? நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் ஒரு காவல் இருக்கிறது. குடலுக்குள் இயல்பாகவே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நமக்குத் தீங்கு செய்யாமல் குடியிருக்கின்றன. இந்த வியாதியில் காவலாளி ஆள் தெரியாமல் வீட்டுக்காரரையே அடிக்கத் தொடங்குகிறான். பரம்பரை, குடலிலுள்ள நுண்ணுயிர்கள், வாழும் சூழல் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் இது உண்டாகிறது. இது ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. யாரும் செய்த பாவத்தினாலோ, செய்வினையினாலோ, அம்மா சமைத்த உணவினாலோ வந்ததும் அல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். ஆனாலும் அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை.

இது மேல்நாட்டு வியாதி, நம் ஊரில் இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பஞ்சாபில் மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று 51,910 பேரைப் பரிசோதித்து, 2003-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மட்டும் லட்சம் பேருக்குச் சுமார் 44 பேருக்கு இருந்தது. வியாதி நம் நடுவில் முன்பே இருந்திருக்கிறது; நாம்தான் அதன் பெயரை அறியாதிருந்தோம்.

ஏன் தாமதமாகிறது?

இந்த வியாதி பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. படிப்பு, வேலை, கலியாணம் எல்லாம் கூடிவரும் பருவம் அது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழிப்பறைக்குப் போவது, மலத்தோடு இரத்தமும் சளியும் போவது, வயிற்றை முறுக்கும் வலி, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவது, எடை குறைவது, விடாத அசதி ஆகியவை இதன் அடையாளங்கள். சிலருக்கு மூட்டுவலியும், கண் சிவப்பும், வாய்ப்புண்ணும் சேர்ந்து வரும்.

இரத்தம் போனால் நம் ஊரில் உடனே "மூலம்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆசனவாய்ப் பக்கம் சீழ் வடிந்தால் "பௌத்திரம்". ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்துவதாக பஸ் நிலையச் சுவரெல்லாம் விளம்பரம் இருக்கிறது. உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பவர்களும் உண்டு. இப்படியே ஒரு வருடம், இரண்டு வருடம் கடந்துவிடுகிறது.

மருத்துவமனைக்கு வந்த பின்னும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் குடலில் காசநோயும் வருகிறது. அது தாக்குவதும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தைத்தான். கொலனோஸ்கோப்பி என்னும் குழாய்க் கருவியால் உள்ளே பார்த்து, சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தாலும் சில வேளைகளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தவறினால் ஆபத்து. கிரோன் நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு காசநோயைப் பெருகச் செய்துவிடும். ஆகவே சந்தேகம் தீராதபோது மருத்துவர் முதலில் காசநோய் மருந்து கொடுத்து, இரண்டு மாதத்தில் மீண்டும் குழாய்விட்டுப் பார்த்து, புண் ஆறுகிறதா என்று கவனிப்பார். வீட்டார் இதை "டாக்டருக்கே தெரியவில்லை" என்று எண்ணி வேறிடம் தேடிப் போய்விடுகிறார்கள். அது அறியாமை அல்ல, அவசியமான நிதானம். நாங்கள் சொன்ன ஆசிரியையும் எங்களிடம் வருமுன் ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டவர்தான்.

முப்பத்திரண்டு கேள்விகள்

வியாதி எவ்வளவு என்று அளக்க இரத்தப் பரிசோதனை இருக்கிறது. வாழ்க்கை எவ்வளவு குறைந்துபோயிற்று என்று அளப்பது எப்படி? கனடா நாட்டின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதற்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்து 1989-ல் வெளியிட்டார்கள். அதில் 32 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் குடல் எப்படி இருந்தது, உடம்பில் பெலன் எப்படி, மனது எப்படி, மற்றவர்களோடு கலந்து பழக முடிந்ததா என்று நான்கு வகையாகக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். எல்லாம் மோசம் என்றால் மொத்தம் 32. எல்லாம் நலம் என்றால் 224.

இந்தக் கேள்விகளில் குடலைப் பற்றியவை ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். மருந்தினால் புண் ஆறியவருக்கும் மற்ற மதிப்பெண்கள் ஏறாமலே நின்றுவிடுவது உண்டு. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021-ல் பார்த்தபோது, இந்த வியாதியுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதற்றமும் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருப்பது தெரிந்தது.

எங்களுக்கு அந்தக் கேள்வித்தாள் இல்லாமலே வார்டில் பதில்கள் கிடைக்கின்றன. கழிப்பறை இல்லாத பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக முடியாமல் கிடைத்த வேலையை விட்ட வாலிபன். வகுப்பு நடுவில் மூன்று தடவை கைதூக்கியதால் பட்டப்பெயர் வாங்கிய மாணவி. சம்பந்தம் பேச வருபவர்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் விழித்திருக்கும் தகப்பன். பயணம் போகும் நாளில் முந்தின நாளிலிருந்தே பட்டினி கிடப்பவர்கள் பலர். "சாப்பிட்டால்தானே போகவேண்டி வரும்" என்பது அவர்கள் கணக்கு. இங்கேதான் வாழ்க்கையும் உணவும் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

பத்தியம் என்னும் பழக்கம்

மருந்து என்றால் பத்தியம் உண்டு என்பது நம் முன்னோர் வழக்கம். அதில் நல்லதும் உண்டு. ஆனால் பத்தியம் சில நாட்களுக்கானது. இந்த வியாதியோ ஆயுள் முழுதும் கூட வருவது. தணிவதும் திரும்ப எழுவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் கடைசியாகச் சாப்பிட்டதன்மேல் பழியைப் போட்டு, அதை நோட்டில் எழுதி நீக்கிக்கொண்டே போனால், கடைசியில் தட்டு காலியாகிவிடும்.

எங்கள் மருத்துவர்களும் டயட்டீஷியன் சகோதரியும் நோயாளிகளுக்குச் சொல்வதை இங்கே சுருக்கமாகத் தருகிறோம். இது பொதுவான அறிவுரையே. ஒவ்வொருவரும் தமக்கு மருத்துவம் பார்ப்பவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

முதலாவது, வியாதி பொங்கி நிற்கும் நாட்கள். அப்போது குடலுக்கு எளிதான ஆகாரம் வேண்டும். குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், தோல் நீக்கிய பாசிப்பருப்பு, நன்றாக வேகவைத்த கேரட், சுரைக்காய், பீர்க்கங்காய், கனிந்த வாழைப்பழம், அவித்த முட்டை, காரம் குறைத்த மீன் ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். மூன்று வேளை வயிறு நிறைய உண்பதைவிட ஐந்தாறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக உண்பது நல்லது. பேதியில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் வெறும் தண்ணீர் போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

இரண்டாவது, புரதம். வியாதி பொங்கும்போது உடம்பு தன் சதையையே தின்னத் தொடங்குகிறது. நலமாயிருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1 கிராம் புரதம் போதும். இவர்களுக்கோ அந்த நாட்களில் 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் இராது. கஞ்சியை மட்டும் குடித்து மாதக்கணக்கில் இருப்பவர் ஏன் எலும்பும் தோலுமாகிறார் என்பது இப்போது விளங்கும். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் ஆகியவற்றை ஒரேயடியாக நிறுத்துவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

மூன்றாவது, பால். நம் தென்னாட்டில் வளர்ந்தவர்கள் பலருக்கு இந்த வியாதி இல்லாவிட்டாலும் பால் முழுதாகச் சீரணிப்பதில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்றால் குறைக்கலாம். அவர்களிலும் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். பால் குடித்துத் தொந்தரவு இல்லாதவர் அதை விடவேண்டிய அவசியமில்லை. ஸ்டீராய்டு மாத்திரை எலும்பைப் பலவீனமாக்கும் என்பதால் அதைச் சாப்பிடுகிறவருக்குச் சுண்ணாம்புச் சத்து மிகவும் தேவை.

நான்காவது, நார்ச்சத்து. குடல் சுருங்கி வழி குறுகியவர்களுக்கு மட்டும் இதில் கண்டிப்பு உண்டு. வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்கு, பலாச்சுளையின் நார், கொய்யா விதை, சோளம் ஆகியவை அந்தக் குறுகிய இடத்தில் சிக்கி அடைத்துக்கொள்ளலாம். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றும் பிரியாமல் போனால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். குறுக்கம் இல்லாதவர்கள், வியாதி தணிந்தபின், காய்களையும் பழங்களையும் பருப்பு வகைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். இந்தத் திரும்பச் சேர்க்கும் வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது, இரத்தம். இரத்தப்போக்கினால் இரும்புச் சத்துக் குறைந்து சோகை வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டுப்போனாலோ வெட்டி எடுக்கப்பட்டாலோ பி12 வைட்டமின் உடம்பில் சேராது. அதற்கு ஊசி போட வேண்டும். "சோம்பேறி, எந்நேரமும் படுத்தே கிடக்கிறான்" என்று வீட்டார் குறைசொன்ன ஒரு பையனுக்கு ஹீமோகுளோபின் 6 ஆக இருந்ததைக் கண்டோம்.

இந்த வியாதிக்கென்றே ஒரு விசேஷ உணவு உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் கிரோன் நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. தானியங்களை அறவே நீக்கும் ஒரு கடுமையான உணவுமுறையையும், காய், பழம், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. கடினமாக இருப்பதனால் ஒரு பத்தியம் சிறந்ததாகிவிடாது என்பது இதில் நாம் கற்கும் பாடம். கிரோன் நோயுள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் மற்ற உணவை நிறுத்தி, முழுச் சத்தும் அடங்கிய மருத்துவ பானத்தை மட்டும் கொடுத்து வியாதியைத் தணிக்கும் முறை ஒன்று உண்டு. அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. ஆனால் அளவு பார்த்து, எடை பார்த்து, மருத்துவர் மேற்பார்வையில் செய்வது. வீட்டில் கஞ்சி குடித்துக் கிடப்பதும் அதுவும் ஒன்றல்ல.

பாக்கெட்டில் அடைத்து வரும் தின்பண்டங்கள், இனிப்புப் பானங்கள், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைக் குறைப்பது எல்லாருக்கும் நல்லது. 21 நாடுகளில் லட்சத்துக்கும் அதிகமானோரைப் பல வருடம் கவனித்த ஓர் ஆய்வில், இவற்றை அதிகம் உண்டவர்களுக்கு இந்த வியாதி அதிகம் வந்ததாக 2021-ல் எழுதினார்கள். புகைபிடித்தல் கிரோன் நோயைத் தீவிரமாக்கும். கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் சில, தணிந்த வியாதியை மீண்டும் கிளப்பிவிடும். மஞ்சளும் சீரகமும் குழம்பில் இருக்கட்டும், தடையில்லை. ஆனால் அவை மாத்திரைக்குப் பதில் அல்ல. உணவு மருந்துக்குத் துணை; மருந்தின் இடத்தைப் பிடிக்க அதனால் ஆகாது. மெசாலமைன், அசதயோபிரின் போன்ற மாத்திரைகளைத் தொந்தரவு இல்லாத நாட்களிலும் விடாமல் சாப்பிடுவதனால்தான் பலருக்கு அந்த நல்ல நாட்கள் நீடிக்கின்றன.

நாங்களே செய்த ஒரு தவறு

இதை எழுதும்போது எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் லெந்து நாட்களில், மாலைக் கூட்டத்தில் உபவாசத்தைக் குறித்துப் பேசினோம். கூட்டம் முடிந்ததும் ஒரு வாலிபன் வந்து, தானும் உபவாசிக்கப் போவதாகச் சொன்னான். வெளிநோயாளியாக எங்களிடம் வந்துகொண்டிருந்தவன்தான். மனம் மகிழ்ந்து அவனுக்காக ஜெபித்து அனுப்பினோம். வேறொன்றும் கேட்கவில்லை.

அவன் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்குப் பின் போடவேண்டிய மாத்திரை. சாப்பாடு இல்லாததால் மாத்திரையையும் விட்டான். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சடுதியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது. அதைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஆறாம் நாள் இரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தடுமாறிய நிலையில் அவனைத் தூக்கி வந்தார்கள். தேவ கிருபையால் பிழைத்தான். அன்று இரவு எங்கள் மருத்துவர் கோபிக்காமல் சொன்ன வார்த்தை இன்னும் மறக்கவில்லை. "ஐயா, அவனுக்கு வருஷம் முழுக்க உபவாசம்தான் நடக்குது. நீங்க அவனைச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

அதுமுதல் உபவாசத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள் என்று சேர்த்தே சொல்கிறோம். சூரைச் செடியின்கீழ் சோர்ந்து கிடந்த எலியாவிடம் தூதன் முதலில் கேள்வி கேட்கவில்லை, அப்பத்தையும் தண்ணீரையும்தான் காட்டினான் என்பதை இதற்குப் பின்புதான் நாங்கள் கருத்தாய் வாசித்தோம்.

சபையும் வீடும் செய்யக்கூடியவை

எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை என்றால் ஊரே கூடும். பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும். பந்தியில் ஒருவர் கொஞ்சமாக உண்டாலோ, கறியை ஒதுக்கினாலோ, நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். இன்னும் நாலு பேர் அள்ளி வைப்பார்கள். அன்பினால்தான். ஆனால் இந்த வியாதியுள்ளவர் அந்தக் கேள்விக்குப் பயந்தே பண்டிகைக்கு வராமல் இருந்துவிடுகிறார். பிறகு ஆராதனைக்கும் வருவது குறைகிறது. ஆகவே ஒரு வேண்டுகோள்: மற்றவர் இலையை அவரிடமே விட்டுவிடுங்கள். காரமில்லாத ஒரு குழம்பும் மோரும் ஓரமாக இருந்தால் போதும். முதியோருக்கும் பிள்ளைகளுக்கும்கூட அது உதவும்.

ஆலயத்தில் சுத்தமான, உள்தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை இருக்கட்டும். அதன் சாவி யாரிடமும் கேட்டு வாங்கவேண்டிய நிலையில் இருக்க வேண்டாம். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போகிறவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். பள்ளிக்கூடம் நடத்துகிற சபைகள், அனுமதி கேளாமல் வெளியே போய்வர அந்தப் பிள்ளைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். இவற்றிற்கு அதிகப் பணம் வேண்டாம்.

வீட்டாருக்கு ஒன்று. புதிதாக ஒரு பண்டத்தை விலக்கச் சொல்லுமுன், அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கப் போகிறோம் என்று யோசியுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். அறிவுரை சொல்பவர்கள் பத்துப் பேர் இருக்கட்டும். முடிவு சொல்பவர் ஒரே மருத்துவராக இருக்கட்டும்.

கலியாணத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் சொல்கிறோம். வியாதி நன்கு தணிந்திருக்கும் காலத்தில் கருத்தரிக்கும் பெண்களில் பெரும்பாலோர் நலமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள். சில மருந்துகளை மட்டும் முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஆகையால் கலியாணம் நிச்சயமானதும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பெருங்குடலில் எட்டு வருடத்துக்கு மேல் வியாதி இருந்தவர்கள், புற்றுநோய் வராமல் காத்துக்கொள்ள, மருத்துவர் சொன்ன இடைவெளியில் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம்.

அந்த நோட்டு

ஆசிரியைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவருக்கு இருந்தது கிரோன் நோய். சிறுகுடலின் முடிவில் வழி மிகவும் குறுகியிருந்தது. ஆபரேஷன் வேண்டும். ஆனால் 34 கிலோ உடம்பில் கத்தி வைத்தால் தையல் கூடி ஆறுமா என்று அறுவை மருத்துவர் தயங்கினார். மருந்தோடு சத்துப் பானமும் கொடுத்துப் பல வாரம் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். வியாதியைவிட அந்த முதல் வாய் கடினமாயிருந்தது. அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு டம்ளரில் கஞ்சி ஊற்றிக் குடிப்பார். வற்புறுத்த மாட்டார். எடை 41 ஆனபோது ஆபரேஷன் நடந்தது. குறுகிய துண்டை எடுத்துவிட்டார்கள்.

வியாதி அதோடு போய்விடவில்லை. அதற்குப் பின் இரண்டு முறை திரும்பவும் எழும்பியது. பி12 ஊசியும் மாத்திரையும் தொடர்கின்றன. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். சென்ற முறை வந்தபோது அதே நோட்டைக் கொண்டுவந்திருந்தார். பழைய பட்டியலில் டயட்டீஷியன் சகோதரியோடு சேர்ந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்ததில் நான்கு வரிகள் மட்டும் அடிபடாமல் நின்றன. வாழைத்தண்டு, பனங்கிழங்கு, பச்சைப் பால், கடை மிக்சர். பின்பக்கங்களில் வேறொரு பட்டியல் தொடங்கியிருந்தது. எந்தத் தேதியில் என்ன சாப்பிட்டார் என்ற பட்டியல் அது. முதல் வரியில் அவித்த முட்டை என்று எழுதி, பக்கத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று குறித்திருந்தார்.

இப்படிப்பட்டவர்கள் உங்கள் சபையிலும் இருப்பார்கள். கதவோரம் இருப்பவரை இனி நீங்கள் அறிந்துகொள்வீர்கள். அவருக்கு மருந்தை மருத்துவர் கொடுப்பார். பயமின்றி உட்கார்ந்து உண்ண ஓர் இடத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைக் குருவானவர்